நேர்கோட்டில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை

வடசென்னை வியாசர்பாடியில் ஒரு குழந்தையை நாய் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காயத்தை உடனே சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். அன்றைக்கே முதல் ஊசி. தோலுக்குள் போடும் முறை என்றால் அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை போய்வர வேண்டும். தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து தடவை. காயம் ஆழம் என்றால் இம்யூனோகுளோபுலினும் (காயத்திலேயே போடும் தயார் எதிர்ப்பொருள் மருந்து) வேண்டும். அது எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. தினக்கூலிக்குப் போகும் அம்மா மூன்றாவது ஊசிக்கு ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், காரணங்களில் ஒன்று வழி. அந்த ஒன்றைக் காசு செலவில்லாமல் அளக்க முடியும். யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப், இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ், ஒரு செல்போன், சில காலைப்பொழுதுகள் போதும்.

வியாசர்பாடியை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. தெற்கே பேசின் பிரிட்ஜிலிருந்து பெரம்பூர் போகும் ரயில் பாதை, கிழக்கே கொருக்குப்பேட்டை பக்கம் போகும் பாதை, இடையில் கேப்டன் காட்டன் கால்வாய். தெற்கே புளியந்தோப்புக்குப் போகிற வழிகளில் ஒன்று கணேசபுரம் சப்வே. நல்ல மழை பெய்தால் அது நிரம்பிவிடும் என்பது வடசென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நேர்கோட்டுத் தூரத்துக்கும் நடந்து போகும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்படிப்பட்ட இடத்தில்தான் பளிச்சென்று தெரியும். உங்கள் ஊரில் ரயிலுக்குப் பதில் நான்குவழிச் சாலையோ ஆறோ இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

கேள்வியை முதலில் சின்னதாக்குங்கள்

"எங்கள் வார்டின் ஆரோக்கியத்தை மேப் பண்ணப் போகிறோம்" என்று ஆரம்பிக்கிறவர்கள் இருபது லேயர் (தகவல் அடுக்கு) ஏற்றி, பத்து வண்ணம் பூசி, ஒரு முடிவுக்கும் வராமல் நிற்பார்கள். யார், எதற்காக, எப்படிப் போகிறார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்துக்குள்: இந்த ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிந்தால்தான் கணினியைத் திறக்க வேண்டும். "இடுப்பில் குழந்தையோடு நடக்கும் ஒருவர், காலை நேரத்தில், நாய்க்கடி ஊசி போடும் அரசு இடத்துக்கு 15 நிமிடத்தில் போய்ச் சேர முடிகிற வீடுகள் எவை?" இது நல்ல கேள்வி. "சர்க்கரை மாத்திரை வாங்க எவ்வளவு தூரம்?" என்பது தமிழ்நாட்டில் அவ்வளவு நல்ல கேள்வி இல்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபின் அந்த மாத்திரை பலருக்கு வீட்டுக்கே வருகிறது. திட்டம் தெரியாமல் தூரத்தை மட்டும் அளந்தால் இல்லாத பிரச்சினையைப் படம் போட்டுக் காட்டுவோம்.

அரசு விதிமுறையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் 50,000 பேருக்கு ஒன்று. கிராமப்புறத்தில் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. இது தலைக்கணக்கு மட்டுமே. அந்த 50,000 பேருக்கும் நிலையத்துக்கும் நடுவில் தண்டவாளம் இருக்கிறதா என்று விதிமுறை கேட்பதில்லை.

தரவை எடுப்பது

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கித் தரும் ஓவர்பாஸ் டர்போ தளத்தில் உங்கள் பகுதிக்கு நெருங்கிப் போய், விசார்டில் தேட வேண்டியதைத் தட்டினால் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம். க்யூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே செய்ய க்விக்ஓஎஸ்எம் என்ற ப்ளக்-இன் (கூடுதல் கருவி) இருக்கிறது. அமெனிட்டி என்ற டேக்கின் (இடத்தின் வகையைச் சொல்லும் குறிச்சொல்) கீழ் ஹாஸ்பிடல், கிளினிக், டாக்டர்ஸ், ஃபார்மசி நான்கையும் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். உள்நோயாளி தங்கும் இடம் ஹாஸ்பிடல், புறநோயாளி மட்டும் என்றால் கிளினிக், தனி டாக்டர் உட்காரும் அறை டாக்டர்ஸ் என்பது முறை. நம் ஊரில் ஒரே மாதிரியான சுகாதார நிலையத்தை ஒருவர் கிளினிக் என்றும் அடுத்தவர் ஹாஸ்பிடல் என்றும் போட்டிருப்பார். நான்கையும் இறக்கி, பெயரைப் படித்துக் கையால் பிரிப்பதுதான் வழி. சின்னப் பகுதிக்கு இது அரைமணி நேர வேலை.

அடுத்த பொறி, புள்ளியும் பரப்பும். பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தை ஒருவர் பரப்பாக வரைந்திருப்பார், இன்னொருவர் அதே வளாகத்துக்குள் ஒரு புள்ளியும் வைத்திருப்பார். எண்ணினால் இரண்டு. இதைவிட மோசம், பரப்பை மையப்புள்ளியாக மாற்றுவது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை மாதிரியான வளாகத்தின் நட்டநடுவில் புள்ளி விழும். வழி காட்டும் மென்பொருள் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எந்தத் தெரு ஓடுகிறதோ அதில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பக்கம் வெறும் மதில் சுவராக இருக்கலாம். நடந்து போகிறவர் மதிலைச் சுற்றி வாசலுக்கு வர இன்னும் சில நூறு மீட்டர். ஆகவே மையப்புள்ளியை நம்பாமல் ஒவ்வொரு வாசலுக்கும் கையால் ஒரு புள்ளி வையுங்கள். மூடியே கிடக்கும் பின்வாசலுக்கு வைக்காதீர்கள்.

இரண்டாவது பட்டியல் அரசுடையது. மாநகராட்சியோ சுகாதாரத் துறையோ வெளியிடும் பட்டியல் பெரும்பாலும் பிடிஎஃப். அதில் முகவரி இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது. பழைய கோப்பென்றால் வானவில் எழுத்துருவில் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, யுடிஎஃப்-8 சிஎஸ்வி கோப்பாகச் சேமியுங்கள். எக்செல் அதைக் கட்டம் கட்டமாகக் காட்டினால் கோப்பு கெட்டுப்போகவில்லை. எக்செல்லில் நேரே திறக்காமல், தரவாக இறக்குமதி செய்து யுடிஎஃப்-8 என்று சொன்னால் தமிழ் சரியாக வரும்.

முகவரியை இடமாக மாற்றும்போது சென்னைக்கென்றே ஒரு தலைவலி உண்டு: பழைய எண், புதிய எண். இலவச ஜியோகோடர்களுக்கு அது புரியாது. தெரு கிடைத்தால் தெருவின் நடுவில் புள்ளி வைக்கும், கிடைக்காவிட்டால் பின்கோடு பகுதியின் நடுவிலோ நகரத்தின் நடுவிலோ வைத்துவிட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லும். கண்டுபிடிக்க எளிய வழி, ஒரே அட்சரேகை-தீர்க்கரேகையில் எத்தனை பதிவுகள் குவிந்திருக்கின்றன என்று பார்ப்பது. நான்கு வெவ்வேறு நிலையங்கள் ஒரே புள்ளியில் நின்றால் நான்குமே பொய். இருபது முப்பது இடங்கள்தான் என்றால் ஜியோகோடரை விட்டுவிட்டுச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கையாலேயே வையுங்கள், வேகமும் அதிகம் தரமும் அதிகம்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும். சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. மாற்றிப் போட்டால் உங்கள் சுகாதார நிலையங்கள் எல்லாம் ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். இது நல்ல தவறு, உடனே கண்ணில் படும். 13 பாகை (டிகிரி) 5 கலையை (மினிட்) 13.05 என்று எழுதுவதுதான் கெட்ட தவறு. சரியானது 13.083. வித்தியாசம் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல், ஆனால் புள்ளி சென்னைக்குள்ளேயே விழுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

பெயரை வைத்து இரண்டு பட்டியலை இணைக்காதீர்கள். திருவல்லிக்கேணியும் டிரிப்ளிகேனும் ஒன்று என்று கணினிக்குத் தெரியாது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஓர் அரசாணை வெளிவந்து, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் தயாரான கோப்பு ஏதாவது கையில் கிடைத்தால் ஒரு ஊரும் பொருந்தாது. கிராமம், பேரூராட்சி, வார்டு எதுவானாலும் உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணையோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணையோ வைத்துத்தான் இணைக்க வேண்டும்.

பாகையில் அளக்காதீர்கள்

இறக்கிய தரவு பாகையில் இருக்கும். அப்படியே பஃபர் (புள்ளியைச் சுற்றி வட்டம்) போட்டு 500 என்று கொடுத்தால் மென்பொருள் 500 பாகை என்று எடுத்துக்கொண்டு உலகத்தையே மூடிவிடும். மீட்டருக்கு மாற்ற, உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறை வேண்டும். தமிழ்நாடு இரண்டு மண்டலத்தில் விழுகிறது, பிரிக்கும் கோடு 78 பாகைத் தீர்க்கரேகை. சென்னை, திருச்சி, மதுரை 44-ஆம் மண்டலம், க்யூஜிஐஎஸ்ஸில் தேர வேண்டிய எண் 32644. கோவை, திருநெல்வேலி, நாகர்கோவில் 43-ஆம் மண்டலம், எண் 32643. யாழ்ப்பாணமும் 44-தான். மதுரை கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் மேற்கே கொஞ்சம் நகர்ந்தாலே மண்டலம் மாறும்; ஒரு நகரத்து வேலைக்கு ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா லேயருக்கும் அதையே வையுங்கள், பிழை கண்டுகொள்ளத் தக்கதாக இருக்காது. இரண்டையும் கலந்தால்தான் வம்பு.

வட்டமா, வழியா

பெரும்பாலான அறிக்கைகளில் நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு "வசதி உண்டு" என்று எழுதுவார்கள். வட்டம் தண்டவாளத்தைத் தாண்டும், கால்வாயைத் தாண்டும், மதிலை ஏறிக் குதிக்கும். 1854-இல் லண்டன் சோஹோவில் காலராச் சாவுகளைப் புள்ளியிட்ட ஜான் ஸ்னோவின் படம் உலகப் புகழ் பெற்றது. அடுத்த ஆண்டு அவர் திருத்தித் தந்த படத்தில் இருந்த ஒரு கோட்டைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நோய் பரவக் காரணமான பிராட் தெருத் தண்ணீர்ப் பம்புக்கும் மற்றப் பம்புகளுக்கும் நடந்து போகும் தூரம் எங்கே சமமாகிறது என்று காட்டும் கோடு அது. நேர்கோடு அல்ல, தெருக்களின் வழியாக அளந்தது. நூற்றெழுபது ஆண்டுக்கு முன்னால் கையால் செய்ததை இன்று மென்பொருள் வைத்துக்கொண்டும் செய்யாமல் விடுவதற்குச் சாக்கு இல்லை.

க்யூஜிஐஎஸ்ஸில் ஓஆர்எஸ் டூல்ஸ் என்ற ப்ளக்-இன் போட்டு, வழியைக் கணக்கிடும் ஓபன்ரூட்சர்வீஸ் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி ஒரு சாவி (ஏபிஐ கீ, கடவுச்சொல் மாதிரி) வாங்கிக்கொள்ளுங்கள். தினசரி வரம்பு உண்டு, ஒரு வார்டுக்குத் தாராளம். ஐசோக்ரோன் என்பதைத் தேர்ந்து, நடைப்பயணம் என்று கொடுத்து, வாசல் புள்ளிகள் இருக்கும் லேயரைக் காட்டினால், குறிப்பிட்ட நேரத்தில் எந்த எல்லை வரை நடந்து வரலாம் என்று வரைந்து தரும். இதை நடை எல்லை என்று சொல்லிக்கொள்வோம்.

இங்கே ஒரு மறைந்த அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. நடை வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று கணக்கு. அது ஆரோக்கியமான ஆள், நல்ல நடைபாதையில், வெயிலில்லாத நேரத்தில் நடப்பது. இடுப்பில் குழந்தை, கையில் பை, உடைந்த நடைபாதை, ஆட்டோவுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகும் நடை என்றால் மணிக்கு 3 கிலோமீட்டர் வையுங்கள். 15 நிமிடத்தில் 1,250 மீட்டர் போவது 750 மீட்டராகச் சுருங்கும். தூரம் இப்படிக் குறைந்தால் பரப்பு அதன் வர்க்கத்தில் குறையும்: கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வேகத்தைப் பற்றிய ஒற்றை அனுமானம் படத்தின் முக்கால்வாசி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. அதனால் நேரத்தைக் கொடுக்காமல் 750 மீட்டர் என்று தூரத்தையே கொடுத்து, எந்த வேகத்தை எடுத்தோம் என்று படத்திலேயே எழுதுவது நேர்மை.

வந்த எல்லையை அப்படியே நம்ப வேண்டாம். விளிம்பு எங்கே திடீரென்று நிற்கிறதோ அங்கே பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று காரணம் இருக்கும். ஒன்று, உண்மையிலேயே தடை: தண்டவாளம், கால்வாய். இரண்டாவது, வழி இருக்கிறது ஆனால் வரையப்படவில்லை. ரயில்வே நடைமேம்பாலம், இரண்டு வீட்டுக்கு நடுவில் போகும் முடுக்கு, குடியிருப்பு மதிலில் உள்ள திறப்பு, இவையெல்லாம் அடிக்கடி விட்டுப்போகும். மூன்றாவது, வரையப்பட்டிருக்கிறது ஆனால் ஒட்டவில்லை. கண்ணுக்கு இரண்டு தெருக்கோடும் தொட்டுக்கொண்டிருக்கும், உள்ளே பொதுவான முனைப்புள்ளி இருக்காது. மென்பொருளுக்கு அங்கே சுவர். ஓபன்ஸ்ட்ரீட்மேப் எடிட்டரில் திறந்து முனையைச் சேர்த்துவிட்டால் சரியாகும். மாற்றம் வழிகாட்டிச் சேவைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நாள் ஆகும், அதே மணியில் மறுபடி ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தண்டவாளத்தை ஆட்கள் குறுக்கே கடக்கும் ஒற்றையடித் தடம் செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும். அதைப் பாதையாக வரைந்தால் நடை எல்லை பெரிதாகி "வசதி உண்டு" என்று வரும். வரையாதீர்கள். தனி லேயரில் ஆபத்து இடமாகக் குறித்து வையுங்கள். எங்கே நடைமேம்பாலம் வேண்டும் என்று அந்தத் தடமே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி மழை. சப்வேயின் மேல் ஒரு சின்னப் பரப்பை வரைந்து, அதே ப்ளக்-இன்னில் தவிர்க்க வேண்டிய பரப்பு என்று கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். வறண்ட நாள் எல்லையிலிருந்து மழைநாள் எல்லையைக் கழித்தால் மிஞ்சும் துண்டுதான் நவம்பரில் துண்டிக்கப்படும் வீடுகள். கூட்டத்தில் இந்த ஒரு துண்டைக் காட்டுவது பத்து பக்க அறிக்கைக்குச் சமம். ஆம்புலன்சுக்கும் வாகன வழியில் இதே மாதிரி ஓட்டலாம், ஆனால் சந்தின் அகலம் தரவில் இருக்காது. சந்துமுனையில் வண்டி நின்றபின் ஸ்ட்ரெச்சர் தூக்கிப் போகும் தூரத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எத்தனை பேர்

எல்லைக்குள் எத்தனை பேர் என்று எண்ணும் இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வார்டு வாரியாக வெளிவந்துள்ள கடைசிக் கணக்கெடுப்பு 2011. அந்த ஆண்டு பிப்ரவரியில் தலை எண்ணும்போது சென்னையில் 155 வார்டு, பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி விரிந்து 426 சதுர கிலோமீட்டரும் 200 வார்டும் ஆனது. 2011-இன் 45-ஆம் வார்டு மக்கள்தொகையை இன்றைய 45-ஆம் வார்டு எல்லையோடு இணைத்தால் அது வேறு ஊர். எண் ஒன்றாக இருப்பதால் மென்பொருள் சந்தோஷமாக இணைத்துக் கொடுக்கும், எச்சரிக்கை எதுவும் வராது.

மக்கள்தொகையைக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் வேர்ல்டுபாப்பின் 100 மீட்டர் கட்டங்களை எடுத்து, நடை எல்லைக்குள் இருப்பவற்றை க்யூஜிஐஎஸ்ஸின் ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கருவியில் கூட்டலாம். ஆனால் அது எண்ணிய கணக்கு இல்லை, பகிர்ந்த கணக்கு. பெரிய பகுதியின் மொத்தத்தைக் கட்டடம், சாலை போன்ற அடையாளங்களை வைத்துக் கட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு வார்டுக்குள் இறங்கினால் "12,437 பேர்" என்று எழுதும் தகுதி அதற்கு இல்லை. "ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதலாம்.

குடியிருப்பு வாரியத்தின் அடுக்குவீடுகள் இருக்கும் பகுதியில் இதுவும் தப்பும். தரைத்தளம் சேர்த்து நான்கு தளம், தளத்துக்கு எட்டு வீடு என்றால் 32 குடும்பம். மேலிருந்து பார்க்கும் தரவுக்கு ஒரே கூரை. கூகுள் ஓபன் பில்டிங்ஸ் மாதிரியான கட்டடத் தரவிலும் தளம் எத்தனை, வீடு எத்தனை என்று கிடையாது. பிளாக்கை எண்ணி, தளத்தை எண்ணி, வீட்டைப் பெருக்குங்கள். அரை நாள் வேலை, இருப்பதிலேயே நம்பகமான எண்.

வெள்ளையாக இருப்பது எதனால்

படத்தில் ஒரு மருந்துக்கடைகூட இல்லாத பகுதியைப் பார்த்தவுடன் "மருந்துப் பாலைவனம்" என்று தலைப்பு வைக்கக் கை துடிக்கும். பொறுங்கள். அங்கே டீக்கடை, கோயில், ஏடிஎம், பள்ளி ஏதாவது குறிக்கப்பட்டிருக்கிறதா? அவையெல்லாம் இருந்து மருந்துக்கடை மட்டும் இல்லை என்றால் ஒருவேளை உண்மை. தெருக்கோடுகள் தவிர ஒன்றுமே இல்லை என்றால் அந்தப் பகுதிக்கு இன்னும் யாரும் மேப் செய்யப் போகவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளுக்கும் கடைசியாக யார் எப்போது தொட்டார்கள் என்ற வரலாறு இருக்கிறது, அதையும் பாருங்கள். ஏழை மக்கள் வாழும் தெருக்களில்தான் வெற்றிடம் அதிகம். வரைபடம் போடுகிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கே விவரம் கொட்டிக் கிடக்கும்.

அதனால் தெருவில் இறங்க வேண்டும். நெருக்கமான ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர், இரண்டு மூன்று காலைப்பொழுது ஒதுக்குங்கள். நடந்தபடியே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் குறிக்க எவ்ரி டோர் அல்லது ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி போதும். காகிதம் பிடிக்கும் என்றால் ஏ4 தாளில் பகுதிவாரியாக அச்சடித்துப் பேனாவால் குறித்துக்கொள்ளலாம். குறுகிய சந்தில் செல்போன் ஜிபிஎஸ் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் காட்டும், எதிர்ச்சாரியில்கூட வைத்துவிடும். புள்ளியை ஜிபிஎஸ் சொன்ன இடத்தில் விடாமல், எந்தக் கட்டடமோ அதன்மேல் இழுத்து வையுங்கள். கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயரோ இடமோ எடுத்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போடக் கூடாது. உரிமத்துக்கு எதிரானது, கண்டால் நீக்கிவிடுவார்கள்.

ஒவ்வொரு நிலையத்திலும் கேட்க வேண்டியவை: புறநோயாளி நேரம் என்ன, பலகையில் இருக்கும் நேரம் நடைமுறையில் உண்டா, நாய்க்கடி ஊசி தினமும் போடுகிறார்களா குறிப்பிட்ட கிழமையா, ஞாயிறு உண்டா, இம்யூனோகுளோபுலின் தேவைப்பட்டால் எங்கே அனுப்புகிறார்கள், வாசலில் எத்தனை படி, சாய்தளம் உண்டா. கடைசியாகக் கேட்ட தேதி. இவற்றில் பாதிக்கு எந்தத் தரவுத்தளத்திலும் இடமில்லை. ஊசி இருப்பு போல வாரத்துக்கு வாரம் மாறுவதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றவும் கூடாது. அதை உங்கள் தனிக் கோப்பில் வைத்து, நிலையான விவரங்களை மட்டும் பொதுவில் ஏற்றுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஊசி கிடைக்கும் இடங்களை மட்டும் வைத்து நடை எல்லையை மறுபடி ஓட்டுங்கள். நாய்க்கு வார விடுமுறை கிடையாது.

நோய்ப்புள்ளி, விளக்கு, வெள்ளம்

டெங்கு, நாய்க்கடி எண்ணிக்கை வார்டு வாரியாகக் கிடைத்தால் எண்ணிக்கை கூடக்கூடச் சிவப்பாகும் ஹீட்மேப் போடும் ஆசை வரும். ஆள் அதிகம் இருக்கும் இடம் சிவப்பாகத் தெரியும், வேறொன்றும் தெரியாது. மக்கள்தொகையால் வகுத்தால் வேறு சிக்கல்: 2,000 பேர் உள்ள தெருக்கூட்டத்தில் 2 பேருக்கு வந்தால் லட்சத்துக்கு 100, மூன்றாவது ஆளுக்கு வந்தால் லட்சத்துக்கு 150. ஒரே ஒருவரால் ஐம்பது சதவீத ஏற்றம். பல மாதங்களைச் சேர்த்துப் பார்க்காமல் பேசாதீர்கள். பதிவான முகவரி நோயாளியின் வீடா, சோதித்த ஆய்வகமா என்று கேளுங்கள். 5 பேருக்குக் குறைவான எண்ணிக்கையை வெளியிடாதீர்கள். அந்த ஒருவர் யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

சாலை விபத்துக்கு அரசு சொல்லும் கரும்புள்ளி வரையறை இருக்கிறது: தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டில் சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்து, அல்லது 10 சாவு. உள்தெருவில் பள்ளி வாசலுக்கு இது பயன்படாது. ஆள் செத்தபின்தான் படத்தில் ஏறும் என்பது வேறு. அங்கே கடக்கும் இடம், வேகத்தடை, நடைபாதை அகலம், பேருந்து நிறுத்தம் சாலையின் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் நேரில் குறிப்பதுதான் உருப்படி. தெருவிளக்கும் அப்படித்தான். கம்பம் படத்தில் இருக்கும், பல்பு எரியாது. இரவு ஒளியைக் காட்டும் செயற்கைக்கோள் தரவின் ஒரு கட்டம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர், தெருவுக்கு அது உதவாது. இரவு எட்டு மணிக்கு மேல் நடந்து, எரியாத கம்பத்தின் எண்ணைக் குறித்துவந்தால் அடுத்த நாளே புகார் கொடுக்கலாம்.

"பாதுகாப்பற்ற பகுதி" என்று நிறம் பூசிய படத்தை மட்டும் வெளியிட வேண்டாம். காவல் நிலையப் பதிவு காட்டுவது குற்றம் நடந்த இடத்தை மட்டுமல்ல, யார் புகார் கொடுக்கத் துணிந்தார்கள் என்பதையும். வடசென்னை முகவரி சொன்னாலே முகம் சுளிக்கிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

வெள்ளத்துக்கு 30 மீட்டர் கட்டங்களில் வரும் நில உயரத் தரவை இறக்கி, "5 மீட்டருக்குக் கீழே எல்லாம் மூழ்கும்" என்று நீலம் அடிப்பது சென்னையில் செல்லாது. அந்தத் தரவு தரையை அளப்பதில்லை. கூரையையும் மர உச்சியையும் சேர்த்தே அளக்கிறது. பிழையே சில மீட்டர். தட்டையான நகரத்தில் தெருவுக்குத் தெரு உயர வித்தியாசமும் அவ்வளவுதான். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் வயல்வெளி வெள்ளத்தை அழகாகக் காட்டும், நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவில் நிற்கும் தண்ணீரைத் தவறவிடும். 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின்மேல் குறித்த கூட்டு வரைபடம் உருவானது. அந்த முறைதான் இன்றும் சிறந்தது. சுவரில் இருக்கும் கறையை அளந்துகொள்ளுங்கள், கணுக்காலா முழங்காலா இடுப்பா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், எந்த ஆண்டு என்று எழுதுங்கள்.

தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, ரேஷன் கடை எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்கு. கழிப்பறையில் பூட்டு, தண்ணீர், பெண்கள் பக்கம், இரவு நேரம் நான்கையும் கேட்காமல் புள்ளி வைத்தால் அந்தப் புள்ளிக்கு மதிப்பில்லை. தெருத்தொட்டியில் லாரி எந்தக் கிழமை நிரப்புகிறது என்பது தொட்டி எங்கே இருக்கிறது என்பதைவிட முக்கியம்.

தாளில் போடுங்கள்

இணையத்தில் வைக்க யூமேப் என்ற இலவசத் தளம் போதும். ஆனால் ஏ3 தாளில் அச்சடித்ததுதான் வேலை செய்யும். பெயர்களைத் தமிழில் போடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் இருக்கிறது, காலியாக இருந்தால் நிரப்புங்கள். அளவுகோலையும் வடக்கு அம்பையும் பார்த்து நம் ஊரில் யாரும் வழி கண்டுபிடிப்பதில்லை. அம்மன் கோயில், தண்ணி டேங்க், பஸ் நிறுத்தம், டாஸ்மாக் நான்கும் படத்தில் இருந்தால் எல்லோரும் தங்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மூலையில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி கட்டாயம், அது உரிம நிபந்தனை.

2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறத்திலும் கிராம சபை மாதிரி பகுதி சபை கூடுகிறது. அங்கே எடுத்துப்போகும் தாளில் ஒரே ஒரு படம் இருக்கட்டும்: வறண்ட நாள் எல்லை ஒரு நிறம், மழைநாளில் கழன்றுபோகும் துண்டு இன்னொரு நிறம், அந்தத் துண்டில் எத்தனை பிளாக், எத்தனை வீடு. கீழே கேள்வி ஒன்று: சப்வே மூடும் நாட்களில் இந்த வீடுகளுக்கு நாய்க்கடி ஊசி எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கிடைக்கும்? வலது மூலையில் நேரில் பார்த்த தேதி. ஊசி நேரத்தை மட்டும் பென்சிலில் எழுதுங்கள், அடுத்த மாதம் மாறியிருக்கும்.